டிக்கோயா ரோட்டுக் கொத்துக் கடையும் எட்டாவது ஆளும்

கடையின் பேரைப் போட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். "டீச்சர், சனி ஞாயிறுல இப்பவே சமாளிக்க முடியல. நீங்க எழுதி இன்னும் நாலு வேன் வந்து நின்னா கொத்துப் போடுற பாஸ் கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிருவாரு." சரி, பேர் இல்லை. அடையாளம் மட்டும் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகும் ரோட்டில் ஒரு வளைவு முடிந்ததும் இடது கைப் பக்கம். பச்சைத் தகரக் கூரை, மழைத் தண்ணீர் பிடிக்க வாசலில் ஒரு நீல பெரல். காலை நாலரைக்கே லைட் எரியும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், ஹட்டன் ஓட்டோக்காரர் யாரிடமும் "கொத்துக் கடை" என்று கேளுங்கள்.

நான் முதலில் அங்கே போனது சாப்பிட அல்ல, டீவி பார்க்க. கணிதம்தான் என் பாடம். ஆனால் ஐந்தடி ஒன்பது அங்குலம் உயரம் என்கிற ஒரே குற்றத்துக்காக, வேலைக்குச் சேர்ந்த வருடமே பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து அணியை என் தலையில் கட்டினார்கள். பதினாலு வருடம் ஆகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, மேட்ச் பார்த்துப் பார்த்துத்தான் பழகினேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடர் மேட்ச் அங்கே இரவு எட்டு, எட்டரைக்குத் தொடங்கினால் நமக்கு விடியற்காலை ஐந்தரை, ஆறு. எங்கள் வீட்டுப் பக்கம் மழை வந்தால் சிக்னல் போய்விடும். ஜூன் மாதம் ஹட்டனில் மழை வராத நாள் எது? முதலாளியின் மகன் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். அதற்காகக் கடைக்கு இழுத்த நல்ல லைனில்தான் மேட்சையும் பெரிய டீவியில் போடுகிறான் என்று மாணவி ஒருத்தி வந்து சொன்னாள். 2025 ஜூனில் ஏழு மேட்ச். ஏழுக்கும் போனேன்.

முதலில் சாப்பாடு. காலையில் பராட்டா, பருப்பு, கட்டச் சம்பல். பராட்டா ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெது. கையில் எடுத்தால் ஏடு ஏடாகப் பிரிகிறது. சம்பலில் மாசிக் கருவாடு கஞ்சத்தனம் இல்லாமல் விழுகிறது. உளுந்து வடை ஏழு மணிக்கு முன் போனால்தான் சூடு. அதன் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வேர்த்துக் கிடக்கும், வாங்காதீர்கள். தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சுற்றிலும் தேயிலை மலை, நல்ல தூளெல்லாம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது, நமக்கு டஸ்ட். நிறம் இருக்கிறது, வாசம் இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ட்டி கேளுங்கள், அது தப்பிக்கும்.

இனி கொத்து. இந்தக் கடைக்கு ஆட்கள் கொட்டகலையிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் வருவது கொத்துக்காக, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரே ஒரு மனிதருக்காக. கிண்ணியாப் பக்கத்துக்காரர். தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் பாஸ் என்பார்கள், நானும் அப்படியே. பராட்டா, முட்டை, நுவரெலியா லீக்ஸ், கேரட், வெங்காயம், இவ்வளவுதான் சாமான். ஆனால் அவர் ரெண்டு தகட்டையும் கையில் எடுத்தால் தகரக் கூரையில் விழும் மழைச் சத்தமே கேட்காது. ரகசியம், நான் கவனித்த வரை, குழம்பில் இருக்கிறது. கடைசி அரை நிமிடத்தில்தான் கோழிக் குழம்பை ஊற்றுவார். ரொட்டி ஊறாது, குழம்பை உடம்பில் பூசிக்கொண்டு வெளியே வரும். ஒரு சாயங்காலம் கலியாண வீட்டு வேன் ஒன்று வந்து நின்றது. 22 பேர். அரை மணித்தியாலத்துக்குள் 22 தட்டையும் அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலை போட்டார். ஒக்லஹோமா தண்டர் அணியின் நட்சத்திரம் கில்ஜஸ்-அலெக்சாண்டர் இலவச எறிதலுக்கு நிற்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாதே, அதே முகம்.

அந்த ஆள்தான் இந்தக் கடையைக் கிட்டத்தட்ட மூடவும் வைத்தவர். முதலாளி சொன்ன கதை இது. 2023 ஏப்ரலில் பாஸ் ஒரு கிழமை லீவில் ஊருக்குப் போனார். வந்தது பத்தொன்பதாவது நாள். ஏப்ரல் என்றால் என்ன மாதம் என்று நமக்குத் தெரியும். சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், நுவரெலியா சீசனுக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். கடையில் பாணும் பிளேன்ட்டியும்தான். வந்த ஆட்கள் எட்டிப் பார்த்து "பாஸ் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடையில் மூன்று பொடியன்கள் இருந்தார்கள். மூவரும் தட்டுக் கழுவவும் மேசை துடைக்கவும் மட்டும். ரெண்டு வருடம் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றும் ஒருத்தன் கையிலும் தகடு பட்டதில்லை.

முதலாளி அதற்குக் கண்ட வைத்தியம் எல்லோரும் காண்கிற வைத்தியம். கண்டியிலிருந்து இன்னொரு பெரிய பாஸைக் கூட்டி வந்தார். ரெண்டு நட்சத்திரம், ஒரு அடுப்பு. யார் எப்போது நிற்பது என்று சண்டை. ரெண்டு பெரிய சம்பளம் கொடுத்ததில் பொடியன் ஒருவனை நிறுத்த வேண்டி வந்தது, இரவில் முதலாளியே தட்டுக் கழுவினார். ரெண்டு மாதத்தில் கண்டிக்காரர் போய்விட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன் "அப்பா செஞ்சது பீனிக்ஸ் செஞ்ச வேலை டீச்சர்" என்றான். சிரித்துவிட்டேன். 2023 பெப்ரவரியில் கெவின் டுரான்டையும், அதே வருடம் ஜூனில் பிராட்லி பீலையும் வாங்கி, ஏற்கெனவே இருந்த டெவின் புக்கருடன் சேர்த்து மூன்று பெரிய பேர் வைத்துக்கொண்டது பீனிக்ஸ் சன்ஸ் என்கிற என்.பி.ஏ. அணி. முதல் பருவத்தில் 49 வெற்றி, பிளேஓஃப் என்கிற கடைசிக் கட்டத்தின் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் நாலுக்குப் பூச்சியம் என்று தோல்வி. அடுத்த பருவம் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஓஃப் வாசலையே மிதிக்கவில்லை. 2025 ஜூலையில் டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், பீலையும் காசு பேசி அனுப்பிவிட்டார்கள்.

காசு விஷயத்தை மகன் தகப்பனுக்கு விளக்கிய காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 2024-25 பருவத்தில் ஓர் அணியின் சம்பள வரம்பு 14 கோடி டொலருக்குக் கொஞ்சம் மேல். அதை மீற வழிகள் உண்டு. மீறிக்கொண்டே போனால் மேலே ஒவ்வொரு கோடாக வரும். கடைசிக் கோடு 18 கோடியே 89 லட்சம். அதற்குப் பேர் இரண்டாவது ஏப்ரன். அதைத் தாண்டினால் கையைக் கட்டிவிடுவார்கள். ரெண்டு ஆட்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு ஆளை மாற்றி எடுக்க முடியாது. மாற்றும்போது கூடக் காசு வைத்துக் கொடுக்க முடியாது. நடுத்தரச் சம்பளத்துக்கு வெளியாள் ஒருவரை எடுக்கும் சலுகையும் இல்லை. அதாவது உச்சத்துக்கு ஆள் எடுத்த கையோடு நடுவுக்கு ஆள் எடுக்கும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மகன் இவ்வளவும் சொல்லி முடிக்க, முதலாளி கேட்டது: "ஏப்ரன் ரெண்டா? இங்க ஒண்ணு கட்டச் சொன்னதுக்கே பாஸ் மூணு நாள் என்கூடப் பேசல."

அதற்குப் பிறகு முதலாளி செய்ததுதான் இந்தக் கடையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். பகல் ரெண்டரையிலிருந்து நாலரை வரை கடையில் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்துக்கு அடுப்பைப் பொடியன்களிடம் கொடுத்தார். பாஸ் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார், கை வைக்கக் கூடாது. அந்த ரெண்டு மணித்தியாலமும் கொத்து நூறு ரூபாய் குறைவு. பஸ் கண்டக்டர்மார்தான் பரிசோதனை எலிகள். உப்புக் கூடினால் ரோட்டிலிருந்தே கத்துவார்கள். பராட்டா போடுகிறவன் கொத்தும் போடுவான், தேத்தண்ணி ஆற்றுகிறவன் காசு மேசையிலும் உட்காருவான். ஒவ்வொருவனுக்கும் ரெண்டு வேலை தெரிய வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியிருக்கிறது.

நம் ஆட்கள் "பெஞ்ச் பலம்" என்றால் பெஞ்சில் மாற்று ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். என்.பி.ஏ. அணியில் நிரந்தர ஒப்பந்தத்தில் 15 பேர் வரை இருக்கலாம், எல்லா அணியிலும் ஆள் இருக்கிறது. விஷயம் நிமிடத்தில் இருக்கிறது. 48 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக ஒரு மேட்சுக்கு 240 நிமிடம். நட்சத்திரத்துக்கு 38 போனால் மிச்சம் 202. அதை யாருக்கு, எந்த மாதத்திலிருந்து கொடுத்தாய் என்பதுதான் கேள்வி. 2014-இல் கிண்ணம் எடுத்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூட அந்தப் பருவத்தில் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. அதிகம் ஆடிய டோனி பார்க்கர் 29.4. அப்படி ஆடியே 62 வெற்றி.

2025 இறுதித் தொடரில் மூன்றாவது மேட்ச், இங்கே ஜூன் 12 வியாழன் காலை. பாதியில் எழுந்து பாடசாலைக்கு ஓடினேன், மிச்சத்தை இடைவேளையில் போனில் பார்த்தேன். இண்டியானா பேசர்ஸ் 116, ஒக்லஹோமா சிட்டி தண்டர் 107. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் போட்ட புள்ளி இண்டியானாவுக்கு 49, ஒக்லஹோமாவுக்கு 18. இண்டியானாவின் மாத்துரின் மட்டும் 27. மக்கோனல் என்கிற குள்ளமான மனிதர் (அவர்கள் கணக்கில் குள்ளம், என்னை விட உயரம்) பந்தைப் பறித்துக்கொண்டே இருந்தார், ஐந்து தடவை. அன்று காலை விடிந்து வந்த வீரம் இல்லை அது. பருவம் தொடங்கிய ஒக்டோபரிலிருந்து பயிற்சியாளர் கார்லைல் கொடுத்து வந்த நிமிடங்கள் அன்று கணக்குத் தீர்த்தன.

எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். புதிதாகப் பேர் பதிந்த பெண்ணைக் கங்காணி எப்போதும் ரெண்டு கெட்டிக்காரிகளுக்கு நடுவில் நிரை பிடிக்க விடுவாராம். முதல் மாதம் அவளுக்கு அரைப் பேர்தான் (கொழுந்து நிறை குறைந்தால் போடும் அரை நாள் கூலி) விழும், ஆனாலும் அங்கேதான் நிற்க வேண்டும். மலையின் கடைசி மூலைக்கு அனுப்பினால் ஆறு மாதம் கழித்தும் அரைப் பேர்தான்.

சரி, கொத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் பாஸ் ஜும்மாவுக்குப் போனால் அன்று முழுக்க ஓய்வு. வேண்டுமென்றே ரெண்டு வெள்ளி இரவு போய்ச் சாப்பிட்டேன். தகடு பிடித்தது நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பையன், மீசை இப்போதுதான் அரும்புகிறது. கெட்டுப் போகவில்லை. உப்பு சரி, சூடு சரி. கேரட் கொஞ்சம் தடிப்பு. குழம்பை ஒரு நிமிடம் முந்தி ஊற்றிவிடுகிறான், அதனால் அடிப்பக்கம் ரொட்டி களியாகிறது. பாஸ் ஆறு நிமிடத்தில் தருவதை இவன் ஒன்பதில் தருகிறான். பத்துக்கு ஏழு கொடுப்பேன், பாஸுக்கு ஒன்பதரை. 2023 ஏப்ரலில் இதே கடைக்குப் பூச்சியம் என்பதை நினைத்தால் ஏழு பெரிய எண்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஏழுக்காக யாரும் கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி வர மாட்டார்கள். வெள்ளி இரவு கடை ஓடுகிறது, நிரம்பவில்லை. ஒரு நட்சத்திரமும் வேண்டாம், எல்லோரும் சமமாக இழுத்தால் போதும் என்று பேசுகிற ஆட்களோடு இதனால்தான் எனக்கு ஒத்துப் போவதில்லை. நாலாவது மேட்ச் சனிக்கிழமை காலை வந்தது, பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிப் போய் மாடியில் பெமிலி ரூமில் உட்கார்ந்தோம். தண்டர் தோற்றால் தொடரில் மூன்றுக்கு ஒன்று பின்னால். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கில்ஜஸ்-அலெக்சாண்டர் தனியாளாக 15 புள்ளி, மொத்தம் 35. மேட்ச் 111-க்கு 104. அன்று அவர் ஒரு அசிஸ்ட்கூட (கூட்டாளி புள்ளி போடக் கொடுக்கும் பந்து) போடவில்லை. கட்டம் நெருக்கும்போது பந்தை யார் கையில் கொடுப்பது என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெஞ்சிலிருந்து இறங்கும் எட்டாவது ஆள் அதுவரைதான் கொண்டு வந்து விடுவான்.

ஏழாவது மேட்ச், ஜூன் 23 திங்கள். இண்டியானாவின் நட்சத்திரம் ஹாலிபர்ட்டன் மூன்று தடவை மூன்று புள்ளிப் பந்து போட்டிருந்தார், கெண்டைக்கால் ஏற்கெனவே நோவு. முதல் குவாட்டரிலேயே யாரும் தொடாமல் விழுந்தார், குதிநாண் அறுந்துவிட்டது. கடையில் ஒரு சத்தமில்லை. மேலே மழை மட்டும். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பையன் கோப்பையை வைத்துவிட்டு வந்து நின்றான். அதற்குப் பிறகும் பாதி ஆட்டத்தில் இண்டியானா 48, ஒக்லஹோமா 47! ஆள் பலம் என்றால் அது. மூன்றாவது குவாட்டரில் தண்டர் 34, இண்டியானா 20, அங்கே முடிந்தது. ஸ்கோர் 81-க்கு 68 ஆனபோது நான் ஓட்டோவில் ஏறிவிட்டேன். கடைசியில் 103-க்கு 91. நட்சத்திரம் விழுந்த அணியைப் பெஞ்ச் பாதி வழி தூக்கி வந்தது. அந்தப் பருவத்தில் 68 மேட்ச் வென்ற தண்டரிடமோ நட்சத்திரமும் இருந்தது, கரூசோவும் இருந்தார். ரெண்டாம் மேட்சில் பெஞ்சிலிருந்து வந்து கரூசோ 20, விகின்ஸ் 18 போட்டதை மறக்க வேண்டாம். அந்த விகின்ஸ் 2021-இல் அணிகள் புது ஆட்களைத் தெரிவு செய்தபோது 55-ஆவதாக எடுக்கப்பட்டவர், கிட்டத்தட்டத் தட்டுக் கழுவ எடுத்த பையன் மாதிரி.

எல்லாம் பேசுகிறேனே, நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். போன வருடம் வலய மட்டப் போட்டி. எங்கள் ஆட்டம் 40 நிமிடம், ஆக 200 நிமிடம். அதில் பாதிக்கு மேல் மூன்றே பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். உயரமான பிள்ளை ஒருத்தியை நம்பித்தான் முழு ஆட்டமும். ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். ஆறு நிமிடம் இருக்க அவளுக்கு ஐந்தாவது ஃபவுல், வெளியே. பெஞ்சைப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் ஒரு நிமிடம்கூட ஆடாத நாலு பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்தார்கள். நாலு புள்ளியில் தோற்றோம். உள்ளே போன பிள்ளை அழுதாள், தன்னால்தான் என்று. என்னால்தான். இந்த வருடம் ரெண்டாவது குவாட்டர் முழுக்கப் பெஞ்சுக்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன். மறுபடியும் அதே சுற்றில்தான் தோற்றோம். ஆனால் சப்பாத்தைப் பார்க்கவில்லை.

குறைகள் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. டீவி காசு மேசைக்கு மேலே, இடது பக்க மேசைகளுக்குப் பாதிதான் தெரியும். மாடியில் சின்ன டீவி, ஆனால் பெண்கள் நிம்மதியாக உட்காரலாம். கழிப்பறை பின்னால் ஆறு படி இறங்கி, மழையில் வழுக்கும், ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி ரெண்டு தடவை சொல்லியிருக்கிறேன். வேன் நிறுத்த இடம் இல்லை. கார்ட் எடுக்க மாட்டார்கள். மலை சீசனில் இரவு ஏழுக்கு மேல் போனால் முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஞாயிறு இரவு பாஸ் நிச்சயம் இருப்பார். வெள்ளிக்குப் போனால் குழம்பைத் தனியாகக் கேட்டு வாங்கி நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.

போன கிழமை போனபோது முதலாளி முகம் சரியில்லை. பாஸ் சம்பளம் கூட்டிக் கேட்கிறாராம். நோர்வூட் பையனை ஹட்டன் டவுனில் ஒரு கடை கூப்பிடுகிறதாம், அவனுக்கும் கூட்ட வேண்டும். சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்கு மகன், தண்டருக்கும் இதே கதிதான் அப்பா என்று சொல்லிப் பார்த்தான். 2025 ஜூலையில் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு நாலு வருட நீட்டிப்புக்கு 28 கோடியே 50 லட்சம் டொலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதே மாதம் ஹோம்கிரெனுக்கும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் பெரிய ஒப்பந்தம், இனி நடு ஆட்களை எப்படி வைத்துக்கொள்வார்கள் பார்ப்போம் என்றான்.

முதலாளி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சாப்பாடும் தங்க ரூமும் சேர்த்தா, இல்ல அது தனியாவா?"